ஒன்பதாவது கட்டை

பூப்பந்துக் கோடுகளின் மேல்
நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டு
ஊரை விரித்தோம்.
கில்மர்ரி சுருண்டுவிடாதிருக்க
மூலைக்கு ஒரு தேநீர்க் கோப்பை.

டம்ஃப்ரீஸிலிருந்து வந்த திட்ட அலுவலர்
இஷ்பெல் மக்கல்லோக்
தீப்பெட்டி அளவில் ஒன்பது கட்டைகளை
பையிலிருந்து கொட்டினார்.
ஒன்பது வீடுகள், பத்து வருடத்துக்குள்.
எங்கே, எப்படி என்று
இந்தமுறை நீங்களே சொல்லுங்கள்.

எப்படி என்பதில் சண்டை இல்லை.
வெள்ளைச் சுவர். சிலேட்டுக் கூரை.
சாந்து பூசாமல் அடுக்கிய கல்வேலி.
சன்னலைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் பட்டை.
அது கறுப்பா கரும்பச்சையா என்பதற்கு மட்டும்
நாற்பது நிமிடம்.
நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.
வந்து பதினெட்டு வருடமாகிறது,
இன்னும் ஊருக்குப் புதிது,
அதனால் நடுநிலை என்று
பேனாவை என்னிடம் தந்திருந்தார்கள்.

எங்கே என்றதும்
கட்டைகளுக்குக் கால் முளைத்தது.
தேவாலயத்துக்குப் பின்னால் வைத்ததை
ஓடைக்கு அக்கரையில் தள்ளினார் ஒருவர்.
ஓடைக்கரைக்காரர் அதைப் பள்ளி மைதானத்துக்கு.
எல்லோருக்கும் தெரிந்திருந்தது
மற்றவர் நிலத்தில் எவ்வளவு இடம் இருக்கிறதென்று.
டூகல் மக்வின்னி ஒன்றையும் தள்ளவில்லை.
தன் கீழ்வயலின் மேல்
உள்ளங்கையை விரித்து ஊன்றி
உட்கார்ந்திருந்தார்.

எட்டரை மணிக்கு ஷிவிலே வந்தாள்.
மக்வின்னியின் மாடுகளைக் கறப்பவள்.
கொட்டகைக்குப் பின்னால்
சக்கரமிழந்த கேரவனில் குடியிருப்பு.
ரப்பர் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு
காலுறையோடு மேசைக்கு வந்தாள்.
கட்டையைத் தொடவில்லை. பென்சில் கேட்டாள்.
என்னுடையதைக் கொடுத்தேன்.

ஒரு வீட்டைக் கறுப்பாகத் தீட்டினாள்.
அடுத்ததை விட்டாள்.
அடுத்த மூன்றையும் தீட்டினாள்.
என்ன இது என்று கேட்க
யாருக்கும் மனம் வரவில்லை,
தங்கள் வீட்டருகே பென்சில் வரும்வரை.

‘ஜனவரியில் எண்ணினேன்.
மாலைக் கறவை முடிந்து
ஏழு மணிக்கு இந்த வழியாக நடந்தேன்.
நாற்பத்தாறு வீடு.
விளக்கு எரிந்தது பத்தொன்பதில்.’

சன்னல் பட்டைகளைப் பற்றி
அதுவரை ஆறு பக்கம் எழுதியிருந்தேன்.

யாரோ இருமினார்கள்.
எடின்பரோவிலிருந்து ஈஸ்டருக்கு மட்டும் வருகிறவர்
தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து
அதன் மேல் கோப்பையை நகர்த்தி வைத்தார்.
இஷ்பெல் படிவத்தைப் புரட்டினார்:
உயரம் இருக்கிறது, கூரைச் சரிவு இருக்கிறது,
நிறம், வேலி, மரம் இருக்கின்றன.
வெளிச்சத்துக்குக் கட்டமில்லை.
‘அது வடிவமைப்பில் வராது’ என்றார்,
வருத்தமாகத்தான்.

உலைவாயை மூடலாம் என்பார்களே,
ஊர்வாய் அன்று தானாக மூடியது.
பிறகு ஒருவர் கரும்பச்சையை
மறுபடி எடுத்தார்.
எல்லோரும் நன்றியோடு அதில் ஏறிக்கொண்டோம்.

பத்து மணிக்கு மேசைகளை மடித்தோம்.
கட்டைகளைப் பைக்குள் எண்ணிப் போட்டார் இஷ்பெல்.
எட்டு.
நாற்காலிகளுக்கு அடியில் தேடினோம்,
பியானோவை நகர்த்திக்கூடப் பார்த்தோம்.
‘ஒன்று காணவில்லை’ என்று குறிப்பில் சேர்த்தேன்.
அதற்கு மேல், கட்டம் இல்லாத ஓரத்தில்,
பத்தொன்பது என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன்.
அடிக்க வேண்டுமானால்
அவர்கள் அடிக்கட்டும்.

மறுநாள் காலை மழை தூறியது.
பேருந்துக்கு நின்றபோது
கீழ்வயலில் டூகலைப் பார்த்தேன்.
வயிற்றில் வெள்ளைப் பட்டை கட்டிய மாடுகள்
ஒதுங்கி நின்று பார்த்தன.
குதிகாலோடு நுனிக்காலை ஒட்டி வைத்து
வேலியிலிருந்து நடந்தார்,
இருபத்திரண்டு அடி.
நின்றார். திரும்பினார்.
இந்தப் பக்கம் முப்பது.
ஒரு கை
கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

பேருந்து வந்துவிட்டது.